விலை இல்லாத கழிவு

பழைய எக்ஸ்ரே பிலிம் அவ்வளவு எளிதில் குப்பைக்குப் போவதில்லை. அதில் வெள்ளி இருக்கிறது. எடைக்கு வாங்க ஆள் உண்டு. பிலிம் கழுவிய ஃபிக்ஸர் கரைசலிலும் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி தேறும். மின்சாரம் பாய்ச்சினால் எதிர்மின்வாயில் படிந்துவிடும். தொல்லையெல்லாம் பிரின்டர் ரிப்பன், டோனர் தூள் போன்ற, வாங்க ஆளில்லாத கழிவில்தான்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை போன்ற இடங்களில் எடுத்த படத்தை உடனே பிரின்ட் போட ஏற்றது சாயப் பதங்கமாதல் பிரின்டர். இதில் திரவ மை கிடையாது. சில மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் அடுத்தடுத்துப் பூசப்பட்டிருக்கும். நுண்ணிய சூடேற்றிகள் தொடும் இடத்தில் மட்டும் சாயம் கிளம்பித் தாளின் மேற்பூச்சுக்குள் இறங்கும். கடைசியாக ஒரு பாதுகாப்புப் படலம்.

சாயம் போன இடம் ரிப்பனில் வெளிறிவிடும். ஆகவே தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால், வந்துபோன குடும்பங்கள் அத்தனையும் நெகட்டிவாகத் தெரியும். பாஸ்போர்ட் படங்கள்கூட. இதை அப்படியே தொட்டியில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டித் துண்டாக்கிப் பையில் கட்டலாம். பாலியெஸ்டர் கடல்நீரைவிட அடர்த்தியானது. காற்று கடலுக்குக் கொண்டுபோனால் நனைந்து அடியில் தங்கும். மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதிகளில் அடியில் இருப்பவை பவளமும், ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல்லும். இங்குள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானது இவற்றைக் காக்கத்தான்.

ஜெராக்ஸ் கடை டோனரும் மை அல்ல, பிளாஸ்டிக் தூள். ஒரு துகள் 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் வரும். நிலைமின்னூட்டம் தூளை டிரம் என்னும் உருளையில் ஒட்டவைக்கிறது. தாளுக்கு மாறியபின் சூடான உருளை உருக்கிப் பதிக்கிறது. தாளில் ஏறாமல் மிஞ்சியதை ஒரு பிளேடு வழித்து, கார்ட்ரிட்ஜுக்குள் தனி அறையில் சேர்க்கும். ரீஃபில் செய்பவர் முதலில் கொட்டுவது அதைத்தான். ரீஃபில் நல்ல பழக்கமே, கூடு வீணாவதில்லை. ஆனால் அந்தத் தூள் எங்கே போகிறது என்று கேளுங்கள். கடை வாசல் சாக்கடையில் என்றால் அது நேராக நுண்பிளாஸ்டிக். தடித்த பையில் இறுகக் கட்டி, காலிக் கார்ட்ரிட்ஜோடு மின்கழிவாகக் கொடுக்க வேண்டும். கொளுத்தக் கூடாது, காற்றில் பறக்கும் தூள் சட்டென்று தீப்பற்றும். சிந்தினால் குளிர்ந்த ஈரத்துணியால் துடைக்கவும். வெந்நீர் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள், பிரின்டரையும் கார்ட்ரிட்ஜையும் மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. எனவே, திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே விசாரிப்பது மேல்.

கெட்டுப்போன போட்டோ பிரின்டுகளைப் பழைய பேப்பரோடு சேர்க்காதீர்கள். அதன் இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு. காகித ஆலையில் கூழாகாது.