மறதி என்று முடிவு கட்டும் முன் காதைப் பாருங்கள்

"சாவி எங்கே என்று கேட்டால், குடித்துவிட்டேன் என்கிறார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது."

74 வயதுத் தாயை அழைத்து வந்த மகள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அம்மாவுக்கு மறதிநோய் வந்துவிட்டது என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தார்கள். அதற்குள் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள் என்று குடும்ப மருத்துவர் சொன்னதால் என்னிடம் வந்தார்கள்.

காதில் குறும்பி அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு காகிதத்தால் என் வாயை மறைத்தபடி சில சொற்களைச் சொன்னேன். "தட்டு" என்றேன், "பட்டு" என்றார். "கட்டு" என்றேன், அதற்கும் "பட்டு"தான். காகிதத்தை எடுத்துவிட்டு அதே சொற்களைச் சொன்னபோது பெரும்பாலும் சரியாகவே திருப்பிச் சொன்னார். பல ஆண்டுகளாக எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே அவர் பேச்சைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது. மகள் சாவியைப் பற்றிக் கேட்டது அடுக்களையிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மாவின் காதில் விழுந்தது "காபி." குடித்தாயிற்று என்று சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதுமையில் காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. கீச்சொலிகளை வாங்கும் செல்கள் அதன் வாயிலருகே உள்ளன. பெரும்பாலும் முதலில் அழிபவையும் அவைதான். பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும், நமக்கு முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்களில் பலமாக இருப்பதால் அது கேட்டுக்கொண்டே இருக்கும். க, ச, த போன்ற மெய்களின் கூர்மைதான் மங்கும். சாவியிலும் காபியிலும் எஞ்சி நிற்பது ஆ, இ என்ற இரண்டு உயிர்கள் மட்டுமே. "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். "வேண்டும்போது மட்டும் நன்றாகக் காது கேட்கும்" என்று அவர்களைக் குறைசொல்வது பெரிய அநியாயம்.

காதுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லின் குழுவினர், தொடக்கத்தில் மறதிநோய் இல்லாத 639 பேரைச் சுமார் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். லேசான செவித்திறன் குறைவு உள்ளவர்களிடம் மறதிநோய்க்கான ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தரக் குறைவில் மூன்று மடங்கு, கடுமையான குறைவில் ஐந்து மடங்கு. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த மறதிநோய் ஆணையத்தின் 2024 அறிக்கை, உலகின் மறதிநோய்களில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியக்கூடியவை என்கிறது. அந்த 45இல், மாற்றக்கூடிய 14 காரணங்களில் ஒன்றான செவித்திறன் இழப்பின் பங்கு 7. அரைகுறையாக விழும் சொல்லை இட்டு நிரப்பவே மூளையின் உழைப்பு செலவாவதும், பேச்சு குறைந்து தனிமை கூடுவதும் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் காது கருவி போட்டால் மறதி வராதா? அந்த வாக்குறுதியை நான் யாருக்கும் தருவதில்லை. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 அமெரிக்கர்களிடம் நடந்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மூன்று ஆண்டுகளின் முடிவில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி அணிந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அறிவாற்றல் சரிவில் வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணங்கள் அதிகம் இருந்த குழுவில் அந்தச் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரங்களில் இந்த 48 மட்டும்தான் வரும். முதல் பாதியையும் சேர்த்துப் படியுங்கள்.

எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது வேறொன்று. நினைவாற்றல் சோதனைகளில் பெரும்பாலானவை வாயால் கேட்கப்படுபவை. மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். காதில் விழாத சொல்லை யார் நினைவில் வைக்க முடியும்? மதிப்பெண் குறையும், மறதி என்று சீட்டில் ஏறிவிடும். பெற்றோரை அந்தச் சோதனைக்கு அழைத்துப் போகும் முன் தயவுசெய்து செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கலாம். அப்போதும் காதைச் சரிசெய்த பிறகு வரும் மதிப்பெண்தான் நம்பத்தக்கது.

ஒரு காதில் திடீரென்று, ஓரிரு நாளில் கேட்கும் திறன் போனால் அது முதுமை அல்ல, அவசரம். அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

காது மெஷின் வாங்கியும் அலமாரியில் தூங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்கு விலை மட்டும் காரணமில்லை. முதல் நாளே காலையிலிருந்து இரவுவரை மாட்டிவிடுகிறார்கள். மின்விசிறியும் பாத்திரமும் தன் குரலும் சேர்ந்து இரைய, மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் அந்த ஒலிகளைக் கேளாத மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். வீட்டுக்குள் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, மெல்லக் கூட்டி, இடையில் வந்து அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பரிசோதனை இல்லாமல் இணையத்தில் மலிவாக வாங்கும் ஒலிபெருக்கிகள் பல, நன்றாகக் கேட்கும் ஒலியையும் சேர்த்தே உயர்த்துகின்றன. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோர், ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் காது கருவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

வீட்டாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கத்தாதீர்கள். கத்தும்போது உயிரோசைதான் பெருகுகிறது, மெய் இன்னும் சிதைகிறது. டிவியை அணைத்துவிட்டு, எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று நிதானமாகப் பேசுங்கள்.

அந்தத் தாய் இரண்டு காதுக்கும் கருவி போட்டு ஆறு வாரம் ஆகிறது. நரம்பியல் மருத்துவரின் சோதனையைக் கருவியுடனேயே செய்தார்கள். வயதுக்கு இயல்பான மதிப்பெண்தான் வந்தது. போன வாரம் பேத்தி முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களோடு பேச முடிந்தது, தவில் மட்டும் தாங்க முடியவில்லை, அதைக் குறைத்துத் தர முடியுமா என்று தாமே தொலைபேசியில் கேட்டார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.