லேசிக்ஸை மூச்சில் இழுத்தால் திணறல் தணியுமா?

லேசிக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது, காலில் வீக்கம் வந்தால் நீர் பிரிய வைக்கும் மருந்து. அதில் இருப்பது ஃப்யூரோசெமைடு. ஊசிமருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் உண்டு. ஆய்வுகளில் பெரும்பாலும் 40 மில்லிகிராம், அதாவது 4 மில்லியை நெபுலைசர் குப்பியில் ஊற்றிப் புகையாக இழுக்க வைக்கிறார்கள்.

சிறுநீரக மருந்துக்கு நுரையீரலில் என்ன வேலை? காற்றுக்குழாய்ச் சுவரில் உள்ள நரம்பு முனைகள் நுரையீரல் எவ்வளவு விரிந்தது என்பதை வேகஸ் நரம்பு வழியே மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது மூளை பெரிய மூச்சைக் கேட்கும். கேட்ட அளவு விரியவில்லை என்று தெரிந்தால் அந்தத் தவிப்பு பிறக்கிறது. ஃப்யூரோசெமைடு புகை அந்த முனைகளைக் கூர்மையாக்குவதை எலிகளில் பார்த்தார்கள். விரிந்தது கொஞ்சம்தான், சேதி கொஞ்சம் பலமாகப் போகிறது. ஆஸ்துமாவுக்குத் தரும் சால்புடமால் காற்றுக்குழாயை விரிக்கும். ஃப்யூரோசெமைடோ மூளைக்குப் போகும் சேதியை மாற்றப் பார்க்கிறது.

நலமாக இருப்பவருக்கு வேண்டுமென்றே திணறல் வரவழைத்துத்தான் முதலில் சோதிக்கிறார்கள். மூக்கில் கிளிப், வாயில் குழாய். மூச்சின் அளவையும் வேகத்தையும் கட்டுப்படுத்திவிட்டு, இழுக்கும் காற்றில் கரியமில வாயுவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். 100 மில்லிமீட்டர் கோட்டில், 'ஒன்றுமில்லை' முதல் 'இனி முடியாது' வரை, தவிப்பு எங்கே நிற்கிறது என்று அவர் நகர்த்திக் காட்டுவார். கைகாட்டினால் உடனே நிறுத்திவிடுவார்கள். இன்னொரு நாள் அதே சோதனை, மருந்துக்குப் பதில் 0.9 சதவீத உப்புநீர். எது எந்த நாள் என்பது இரு தரப்புக்கும் தெரியாது.

தெரியாது என்பது ஏட்டளவில்தான். புகையாகப் போனாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலந்துவிடும். அரைமணியில் கழிவறைக்கு ஓடியவர் 'இன்றைக்கு நிஜ மருந்து' என்று ஊகித்துவிடலாம். ஊகித்த பிறகு அவர் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்புவது?

அடுத்த தொல்லை, நுரையீரலுக்குப் போன அளவு. குப்பியின் அடியில் ஒரு மில்லியாவது தங்கிவிடும். 5 மைக்ரானைவிடப் பெரிய துளிகள் தொண்டையிலேயே படியும். மிகச் சிறியவை வெளிமூச்சோடு திரும்பிப் போகும். நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று ஓடாவிட்டால் துளிகள் பருத்துவிடும். முகமூடி வழியே மூக்கால் இழுத்தால் மூக்கு பாதியை வடிகட்டிவிடும், வாய்க்குழாயே மேல். கொடுமை என்னவென்றால், மருந்து ஆழத்துக்குப் போக மெதுவான, நீண்ட மூச்சு வேண்டும். கடுமையாகத் திணறுபவருக்கு அதுதான் முடியாது. சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்கள் சிலருக்கு ஆக்ஸிஜனால் நெபுலைசரை ஓட்டினால் கரியமில வாயு ஏறிவிடும். அவர்களுக்குச் சாதாரண காற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

2000இல் வெளியான ஒரு ஆய்வில் நலமானவர்கள் இந்தப் புகைக்குப் பின் கூடுதல் நேரம் மூச்சடக்கினார்கள். நம்பிக்கை பிறந்தது. பின்னர் வந்த முடிவுகளோ ஒருவருக்கு ஒருவர் மாறின. உப்புநீர்ப் புகையே சிலருக்கு ஆறுதல் தந்தது. அதனால் இது வழக்கமான சிகிச்சையாகவில்லை. வலிமருந்தான மார்ஃபினைப் புகையாக இழுக்க வைத்ததற்கும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். 'காற்று போதவில்லை', 'மூச்சுவிடப் பாடுபடுகிறேன்', 'நெஞ்சு இறுகுகிறது' மூன்றும் வேறுவேறு. 'இளைப்பு எப்படி இருக்கிறது?' என்று மொத்தமாகக் கேட்டால், முதலாவது குறைந்தது மற்ற இரண்டில் மறைந்துபோகும். வார்டில் படுத்திருப்பவரிடம் அந்த 100 மில்லிமீட்டர் கோட்டைக் காட்டுவது கடினம். 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். 7 என்றவர் 6 என்றால், அந்த ஒரு புள்ளியையே பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.