லிம்போபீனியா – நிணவணுக் குறை

லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் நிறையவே சேர்ந்திருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டோட்டல் கவுன்ட், அதாவது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை, 3,200. கீழே டிஃபரன்ஷியல் கவுன்டில், அதாவது வெள்ளணுக்களை வகைவாரியாகப் பிரித்த கணக்கில், அவற்றில் ஒரு வகையான லிம்போசைட் (நிணவணு) 30%. வழக்கமாக 20 முதல் 40 வரை இருக்க வேண்டிய இடத்தில் 30 என்றால் சரியாகத்தானே இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,200-இல் 30% என்பது 960. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் குறைந்தது ஆயிரமாவது இருக்க வேண்டிய அணு அது. விழுக்காடு மறைத்த இந்தக் குறைக்குப் பெயர்தான் லிம்போபீனியா.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். ‘லிம்ஃபா’ என்றால் லத்தீனில் தெளிந்த நீர்; மருத்துவத்தில் திசுக்களிலிருந்து வடிந்து தனிக் குழாய்களில் ஓடும் நிணநீர். ‘பீனியா’ என்றால் கிரேக்கத்தில் வறுமை; கிரேக்கர்கள் வறுமையை ஒரு பெண்ணாகவே உருவகித்து அவளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். முழு வடிவம் லிம்போசைட்டோபீனியா. நடுவிலிருந்த ‘சைட்டோ’, அதாவது செல், வாய்வழக்கில் உதிர்ந்துபோனது. இப்போது மிஞ்சியிருக்கும் சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘நிணநீர்ப் பஞ்சம்’ என்று வரும். அது தவறு. குறைவது நீர் அல்ல, அணு. தமிழில் சொல்லும்போது அந்த அணுவைத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

‘நிணம்’ நமக்குப் பழைய சொல். கொழுப்பு, ஊன் என்று பொருள். தெளிந்த நீருக்குக் கொழுப்பின் பெயரா என்று தோன்றலாம். ஆனால் நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து கிளம்பும் நிணநீர் கொழுப்பேறிப் பால்போல் வெளுத்திருக்கும். அந்த வகையில் பொருத்தமான பெயர்தான்.

சரி, ‘பீனியா’வுக்கு என்ன போடுவது? எனக்கு முதலில் தோன்றியது ‘இன்மை’. வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் ‘இன்மை’ என்று சொல்வது வறுமையைத்தான். ஆனால் இன்றைய காதுக்கு இன்மை என்றால் அறவே இல்லாதது. ‘நிணவணு இன்மை’ என்று எழுதினால் நோயாளி பயந்துவிடுவார். ‘பற்றாக்குறை’ ரேஷன் கடை வாசனை அடிக்கிறது. ‘குறை’ போதும். நிணவணுக் குறை.

லூபஸில் இது ஏன் பேசப்படுகிறது? உடல் தன் அணுக்களையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் நோய் அது. நிணவணுக்களும் அந்தத் தாக்குதலுக்குத் தப்புவதில்லை. எவ்வளவு குறைந்தால் குறை என்பதில்தான் வரையறைகள் மாறிக்கொண்டே வந்தன. 1982-ஆம் ஆண்டு அமெரிக்க வாதவியல் (மூட்டு, தசை நோய்களுக்கான மருத்துவம்) சங்கத்தின் அளவுகோல், இரண்டு முறையாவது 1,500-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. 2012-இல் வந்த அளவுகோல் எல்லையை 1,000-க்கு இறக்கி, ஒருமுறை கண்டாலே போதும் என்றது. ஆனால் அதற்கு ஸ்டீராய்டு மருந்து போன்ற வேறு காரணம் இருக்கக்கூடாது. ஐரோப்பிய, அமெரிக்க வாதவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 2019 பட்டியலில் நிணவணுக் குறையே இல்லை. வெள்ளணு விஷயத்தில் மொத்த எண்ணிக்கை 4,000-க்குக் கீழே போவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இவை ஆய்வுக்கு நோயாளிகளை வகைப்படுத்தும் அளவுகோல்கள் என்பதால், பட்டியலில் இல்லை என்றதும் மருத்துவர் அந்த எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுவார் என்று பொருளில்லை.

ஸ்டீராய்டை விலக்கியதற்குக் காரணம் உண்டு. நோய்க்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டே நிணவணுக்களை ரத்தத்திலிருந்து வேறு இடங்களுக்கு நகர்த்திவிடும். அப்போதும் சீட்டில் எண் குறைந்துதான் தெரியும். நோய் இறக்கியதா, மருந்து இறக்கியதா என்பதை இந்தச் சொல் சொல்லாது. அதனால் எழுதும்போது காலத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது: ‘ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே அவருக்கு நிணவணுக் குறை இருந்தது.’