அடிபட்ட மூளையிலிருந்து எதை வாசிக்கிறார்கள்?

மூதூரிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாரிசவாதத்தில் அடிபடுவதே மூளைதானே? பிறகு அதே மூளையை வைத்து இயந்திரக் கையை எப்படி இயக்குகிறார்கள்?"

அடி எங்கே விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூளையை முள்ளந்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டில் விழுந்தால், மூளையின் வெளிப்படையான மேற்பட்டை பெரும்பாலும் தப்பிவிடும். அங்கிருந்து உடம்புக்கு இறங்கும் பாதைதான் அறுபடும். அப்படி ஏறக்குறைய 15 வருடங்கள் கைகால் முடங்கிக் கிடந்த ஒரு பெண், மேற்பட்டையில் பதித்த, 96 மின்வாய்கள் (மின் சைகையை வாங்கும் முனைகள்) கொண்ட சில்லின் உதவியோடு ரோபோக் கையை நகர்த்தித் தானே கோப்பி குடித்தார். பிரெயின்கேட் என்ற அமெரிக்க ஆய்வுக் குழு 2012இல் அதை வெளியிட்டது.

சரி, மண்டையைத் திறக்காமல் முடியாதா? முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

உடம்பை அசைக்கக் கட்டளையிடும் இயக்க மேற்பட்டை சும்மா இருக்கும்போது அதன் நரம்புக்கலங்கள் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை ஒரே தாளத்தில் துடிக்கின்றன. தலைத்தோலில் ஒட்டிய மின்வாயில் அது சில மைக்ரோவோல்ற்று அலையாகத் தெரியும். பெயர் மியூ அலை. கையை மடக்க நினைத்ததும் அலை பெருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? சிறுத்துவிடுகிறது! கோணேசர் மலையில் திருவிழாக் கூட்டம் ஒன்றாக 'அரோகரா' சொன்னால் அடிவாரம் வரை கேட்கும். ஆளுக்கொரு கதை பேசத் தொடங்கினால், அத்தனை வாயும் அசைந்தாலும் கீழே ஒன்றும் கேட்காது. நரம்புக்கலங்களும் அப்படித்தான்: வேலை வந்ததும் தாளத்தை விட்டுத் தத்தம் பாட்டைப் பார்க்கின்றன. கை அசையவே தேவையில்லை, அசைக்க முயன்றாலே போதும். அலை சிறுத்ததைக் கணினி பிடித்ததும், விரல்களில் மாட்டிய மோட்டார் அவற்றை மடக்குகிறது. மடங்கிய உணர்வு, முயற்சி ஓயுமுன்னே மூளைக்குத் திரும்பிப் போகிறது. இந்த நேரப் பொருத்தம் திரும்பத் திரும்ப நடந்தால் மிஞ்சியிருக்கும் இணைப்புகள் பலப்படும் என்பதே எதிர்பார்ப்பு.

மேற்பட்டையே அழிந்திருந்தால்? அடிபடாத மறுபாதியைக் கேட்கலாம். இடது கையைப் பெரும்பாலும் வலது மூளைதான் ஆள்கிறது; ஆனால் அதை அசைக்க முயலும்போது இடது மூளையிலும் சிறு சலனம் உண்டு. அதை வாசிக்கும் இப்சிஹேண்ட் என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது.

இதை வாசித்துவிட்டு, 'எப்படியும் மெஷின் இருக்கிறதே' என்று யாரும் ஆறுதலாக இருந்துவிட வேண்டாம். முகம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். செய்வினை என்று நூல் கட்ட அலைவதில் அந்த நேரம் போய்விடும். திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்றில் பிறகு ஆறுதலாகக் குளிக்கலாம், அது சுகமான விஷயம்தான்.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தலையில் சில்லு பதிப்பதை நம் ஊரில் செய்ய வெகுகாலம் ஆகும். மின்வாய்த் தொப்பி அப்படியல்ல. அலையைப் பெருக்கும் சுற்றையும், கண் சிமிட்டும்போது வரும் இரைச்சலை வடிகட்டும் நிரலையும் பல்கலைக்கழக மாணவர்களே செய்து பார்க்கலாம். அவர்களையும் இயன்மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஒரு சிறு தொகை போதும்.