வேரியபிள்: ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ்

சேலத்தில் ‘வேரியபிள்’ என்ற சொல்லை ஒரே நாளில் மூன்று பேர் வாயிலிருந்து கேட்டுவிடலாம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ‘எக்ஸ் ஒரு வேரியபிள்’ என்கிறாள். கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் அவள் அண்ணன் ‘இந்த வருஷம் வேரியபிள் பே கம்மி’ என்கிறார். வீட்டுக்கடன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர், வட்டி வேரியபிளாக இருப்பதால் தவணை கூடிவிட்டது என்று வருந்துகிறார். சொல் ஒன்றுதான், ஆனால் மூன்று இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தால் வாக்கியம் இடறும்.

இலத்தீனில் ‘வாரியுஸ்’ என்பதற்குப் பலநிறமான, புள்ளிகள் நிறைந்த, வகைவகையான என்ற பொருள்கள் உண்டு. அதனடியாகப் பிறந்த ‘வாரியாபிலிஸ்’, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து ‘வேரியபிள்’ ஆனது. நம் சிற்றுண்டிக் கடைப் பலகைகளில் இருக்கும் ‘வெரைட்டி ரைஸ்’ கூட இதே வேரிலிருந்து வந்ததுதான். ஒலி ஒத்திருப்பதால் இதைத் தமிழின் ‘வேறு’ என்பதோடு இணைத்துச் சிலர் மகிழ்வதுண்டு. ஒலி ஒப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பதால் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

கணிதத்தில் இதற்கு நாம் வழங்கும் ‘மாறி’ மிகச் சிறப்பாக அமைந்த சொல். ‘கடத்து’ என்ற வினையிலிருந்து மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்குக் ‘கடத்தி’ என்று பெயர் வந்ததுபோல, ‘மாறு’ என்பதோடு இகர விகுதி சேர்ந்து ‘மாறி’ ஆகிறது. ‘இலி’ சேர்ந்தால் மாற்றம் இல்லாதது, அதாவது ‘மாறிலி’. இந்த இரட்டைச் சொற்களின் அழகு சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். ஏனெனில் மேட்டூர் அணையின் கணக்கை நாம் நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். 1934இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது அது கொள்ளும் நீர் 93.47 டி.எம்.சி. இவ்விரண்டும் மாறிலிகள். இன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கும் மாறிகள். அவற்றுள்ளும் ஓர் உறவு இருக்கிறது: நீர்மட்டம் எத்தனை அடி என்று தெரிந்தால் நீர் இருப்பு எத்தனை டி.எம்.சி. என்பதை அட்டவணை சொல்லிவிடும். ஆகவே இங்கு நீர்மட்டம் ‘சாரா மாறி’, அதைப் பொறுத்து அமையும் இருப்பு ‘சார்ந்த மாறி’. மேலே போகப் போக நீர்த்தேக்கம் அகன்றுகொண்டே போவதால், அடியில் ஓர் அடி உயரும்போது சேரும் நீரைவிட உச்சியில் ஓர் அடி உயரும்போது சேரும் நீர் மிக அதிகம் என்பதையும் இதே எடுத்துக்காட்டைக் கொண்டு பிள்ளைகளுக்கு விளக்கிவிடலாம். கணினி நிரல் எழுதுவோருக்கும் ‘மாறி’ அப்படியே பொருந்தும்; மதிப்பு மாறுவதற்கென ஒதுக்கிய இடத்தின் பெயர் அது.

ஆனால் ‘மாறி’ ஒரு பெயர்ச்சொல். அதைக் கொண்டுபோய் ‘மாறி வட்டி’ என்றோ ‘மாறி ஊதியம்’ என்றோ எழுதும்போது, தமிழ்க்காது அதை ‘பஸ் மாறி வந்தேன்’ என்பதில் வரும் வினையெச்சமாகவே கேட்கிறது. பிறகு வரவேண்டிய வினையைத் தேடித் தவிக்கிறது. அடைமொழி வேண்டிய இடத்தில் பெயரெச்சமே போதும்: மாறும் வட்டி, சம்பளத்தில் மாறும் பகுதி. பொருளியல் பாடநூல்கள் இதைச் சரியாகவே கையாண்டு ‘மாறும் செலவு’, ‘மாறாச் செலவு’ என்று எழுதுகின்றன. சவ்வரிசி ஆலைக்கு வாங்கும் மரவள்ளிக் கிழங்கின் செலவு மாறும் செலவு. கிழங்கு வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டிய கட்டட வாடகை மாறாச் செலவு.

விலையைப் பேசும்போது ‘மாறும்’ என்பதும் சற்று வெளிறிப்போகிறது. அந்தக் கிழங்கையே மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ பார்த்து விலை பேசும் வியாபாரியும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவரும் ‘விலை வேரியபிள்’ என்பதில்லை. ‘வெள்ளி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு’ என்பார்கள். எந்தத் திசையில் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ‘ஏற்ற இறக்கம்’ இங்கு மூலச் சொல்லைவிடத் தெளிவானது. இதே பொருளில் வரும் ‘ஃபிளக்சுவேட்’ என்ற ஆங்கில வினை, அலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நாமும் நிலைகொள்ளாத மனத்தை ‘அலைபாய்கிறது’ என்கிறோம். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

ஏற்காட்டு வானிலைக்கு வேறு சொல் வேண்டும். ஏரிக்கரையில் நிற்கும்போது எதிர்க்கரை மரங்கள் தெளிவாகத் தெரியும். வாங்கிய தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் மூடுபனி இறங்கி மரங்களும் படகுகளும் மறைந்துவிடும். சற்று நேரத்தில் வெயில் அடிக்கும். ‘நிலையா இருக்காதுங்க, ஸ்வெட்டரைக் கையிலயே வச்சுக்குங்க’ என்பதுதான் மலையில் இருப்பவர் வாய்ச்சொல். எழுத்தில் ‘நிலையற்ற வானிலை’ என்றால் போதும். அதை ‘நிலையாமை’ என்று எழுதுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். திருக்குறளின் 34ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பான அச்சொல், செல்வமும் உடலும் அழிவதைக் குறித்து நின்ற கனமான சொல். பனி வந்து விலகுவதற்கு அதை எடுக்கக் கூடாது. அடிக்கடி பேச்சை மாற்றும் மனிதருக்கோ அகராதியே தேவையில்லை. ‘நேரத்துக்கு ஒரு பேச்சு’ என்று ஊரே சொல்லிவிடும்.

எழுத்துப்பிழை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே திரளும் சேலத்தில், பிள்ளைகளின் கை பழக்கத்தால் ‘மாரி’ என்றே எழுதிவிடுகிறது. என் அக்கா மகளின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் ‘எக்ஸ் என்பது ஒரு மாரி’ என்று இருந்தது. இடையின ரகரம் இட்டால் அது மழை. வல்லின றகரம் இட்டால்தான் மாறுவது. இரண்டையும் அடுத்தடுத்து உரக்கச் சொல்லச் சொன்னேன். நாக்கு அழுந்தும் இடத்தை அவளே கண்டுகொண்டு, அந்தப் பக்கத்திலிருந்த ஒவ்வொரு ‘ரி’யையும் சிவப்பு மையால் ‘றி’ ஆக்கினாள்.