‘நண்பர்’ என்று எழுதிய மகன்

ரத்ததானப் படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘நண்பர்’ என்று எழுதியிருந்தான் பையன். அவனுக்கு 24 வயது, நோயாளிக்கு 58. வயதைக்கூட விட்டுவிடலாம். பையனின் இனிஷியலும் நோயாளியின் பெயரில் முதல் எழுத்தும் ஒன்று. அப்பா பெயரை முன்னால் சுமந்துகொண்டே திரிகிற ஊரில் ரத்த வங்கி நடத்துவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

“தம்பி, அப்பாவுக்கா?”

“இல்ல மேடம்...” என்று இழுத்தான். பிறகு, “ஆமா மேடம். சொந்தக்காரங்கன்னா எடுக்க மாட்டாங்கன்னு வெளியில ஒருத்தர் சொன்னாரு. அதான்.”

மறுநாள் காலை அப்பாவுக்கு பைபாஸ். பின்னால் நின்ற அம்மா விடவில்லை. “பெத்த புள்ள ரத்தம் இருக்கறப்போ கண்டவன் ரத்தத்தை எதுக்கு டாக்டர் ஏத்தணும்?”

சென்னையில் இத்தனை வருடமாக ரத்த வங்கி வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வராத வாரம் இல்லை. “எங்க ஆளுங்க ரத்தமே போதும்.” “ஃபிரெஷ்ஷா இப்பவே எடுத்து ஏத்துங்க, ஃபிரிட்ஜுல வெச்சது வேணாம்.” இரண்டும் பாசத்தில் சொல்வது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ரத்தப் பையைப் பொறுத்தவரை எனக்குப் பயமே தசை ஆடாமல் போய்விடுமோ என்பதுதான்.

ஒரு பை ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் இல்லை. நாம் கேட்காமலே 100 கோடிக்குக் குறையாத வெள்ளையணுக்களும் கூட வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி டி-செல்கள், அதாவது வேற்று ஆளை அடையாளம் கண்டு அழிக்கிற அணுக்கள். யாரோ ஒருவருடைய ரத்தம் ஏறும்போது, நோயாளியின் உடம்பு அந்த விருந்தாளி வெள்ளையணுக்களை வேற்று ஆள் என்று கண்டு சில நாட்களில் தீர்த்துக்கட்டிவிடும். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

எப்படிக் கண்டுகொள்கிறது? பிளட் குரூப்பை வைத்து இல்லை. ஏ, பி, ஓ எல்லாம் முக்கியமாகச் சிவப்பணுவின் கதை. வெள்ளையணுக்களின் உலகத்தில் செல்லுபடியாவது எச்.எல்.ஏ. என்கிற அடையாளப் புரதம். ஆறாவது குரோமோசோமில் அக்கம்பக்கமாக இருக்கிற சில மரபணுக்கள் இதை உண்டாக்குகின்றன. உள்ளே என்ன சமையல் நடக்கிறது என்று ஒரு வாய் எடுத்து வாசலில் நீட்டுகிற கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தங்களுக்குள் இருக்கிற புரதத்தின் துணுக்கை இந்தக் கிண்ணத்தில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். டி-செல் வந்து பார்க்கும். வைரஸ் துணுக்கு இருந்தால் அந்தச் செல்லைக் கொல்லும். கிண்ணமே பழக்கமில்லாததாக இருந்தாலும் கொல்லும்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பாழாய்ப்போன ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டு, மூன்று கலர் பேனா எடுத்தேன். கவுன்சலிங்குக்கென்றே வைத்திருக்கிறேன்.

“உங்களுக்கும் சாருக்கும் சொந்தத்துல கல்யாணமா?”

“அத்தை மகன்தான்.”

எச்.எல்.ஏ. மரபணுக்கள் பெரும்பாலும் ஒரு கட்டாகவே பிள்ளைக்குப் போகும். அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. அப்பாவுக்குச் சிவப்பு, நீலம் என்று போட்டேன். அம்மா அவருக்கு மாமன் மகள். ஒரே தாத்தா பாட்டி. அதனால் அம்மாவிடமும் அதே நீலம் இருக்கலாம். அம்மாவுக்கு நீலம், பச்சை. இவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அப்பாவிடமிருந்தும் நீலம், அம்மாவிடமிருந்தும் நீலம் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நீலம், நீலம்.

அந்த நீலம்-நீலம் மகனின் ரத்தம் சிவப்பு-நீலம் அப்பாவுக்கு ஏறினால்? அப்பாவின் உடம்பு பார்க்கிறது. எல்லாம் நீலம், எல்லாம் நம்ம ஆள், உள்ளே விடு. மகனின் டி-செல்கள் சுற்றிலும் பார்க்கின்றன. எங்கும் சிவப்பு. பிறந்ததிலிருந்து பார்த்தறியாத நிறம். அடி. கதவைத் திறந்துவிட்டது அப்பாவின் உடம்பு. அடி வாங்குவதும் அதுவேதான்.

அம்மா தாளை வாங்கி, விரலால் நீலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இதற்கு டிரான்ஸ்ஃபியூஷன் அசோசியேட்டட் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ் (டி.ஏ.-ஜி.வி.எச்.டி.) என்று நீளமான பெயர் இருக்கிறது. ரத்தம் ஏறிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும், பேதியாகும், ஈரல் கெடும். கடைசியாக எலும்பு மஜ்ஜை வேலை செய்வதை நிறுத்திவிடும். வந்தவர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. ஐப்பசி மழையில் சென்னையில் ஒருவருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் எந்த டாக்டரும் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார். பத்து நாளுக்கு முன் ஏற்றிய ரத்தம் யார் ஞாபகத்தில் இருக்கப்போகிறது? மிக அரிதான வியாதி. நானே நேரில் ஒன்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

ஜப்பான்காரர்கள் பார்த்தார்கள். அங்கே ஒரு காலத்தில், நன்றாக முடிந்த ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகள் உடம்பெல்லாம் சிவந்து இறந்துபோனார்கள். மருந்து அலர்ஜி என்று நெடுநாள் நினைத்தார்கள். கடைசியில் புரிந்தது: ஒரே மாதிரி எச்.எல்.ஏ. கட்டுகள் மக்களிடையே அதிகம் பரவிய தீவு, ஆபரேஷனுக்கு உறவினரின் ரத்தத்தை, டி-செல்களின் வீரியம் குறைவதற்கு முன்பே, சுடச்சுட ஏற்றுகிற வழக்கம். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பதையும், “ஃபிரெஷ்ஷா ஏத்துங்க” என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பிடிவாதம் புரியும்.

தடுப்பு ஒன்றும் பிரமாதம் இல்லை. பையை 25 கிரே அளவு கதிர்வீச்சில் காட்டினால் போதும், சில நிமிட வேலை. டி-செல்கள் பெருகும் சக்தியை இழக்கும், சிவப்பணுக்கள் தாக்குப்பிடிக்கும். வெள்ளையணுவை வடிகட்டுகிற ஃபில்டர் மட்டும் இதற்குப் போதாது. கதிர்வீச்சுக் கருவி எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. அது இல்லாத இடத்தில் ஒரே வழி, ரத்த உறவுக்காரரின் பை அதே நோயாளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. மகன் ரத்தம் கொடுக்கட்டும். அது வேறு யாருக்கோ போகும், வேறு யாருடையதோ அப்பாவுக்கு வரும். அந்தக் கட்டத்தில் ‘நண்பர்’ என்று பொய் எழுதினால் இந்த ஒரு தடுப்பும் போச்சு. இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இனிமேல் பிள்ளை பெறப்போகிற மனைவிக்குக் கணவன் ரத்தமும் வேண்டாம். அவர் ரத்தத்துக்கு எதிராக அவள் உடம்பில் உண்டாகிற ஆன்டிபாடி நாளைக்கு வயிற்றுக் குழந்தையைத் தாக்கலாம்.

சரி, இத்தனை நிறம் எதற்கு? எல்லோருக்கும் ஒரே கிண்ணம் இருந்தால் எங்கள் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்குமே?

பிரான்ஸில் ஜான் டோசே என்பவர் 1958-இல், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம் மற்றவர்களின் வெள்ளையணுக்களைத் திரளவைப்பதிலிருந்து இந்த அடையாளங்களில் முதலாவதைப் பிடித்தார். 1980-இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அன்று ஒன்றிரண்டு. இன்று பதிவாகியிருக்கிற எச்.எல்.ஏ. வகைகள் 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. மனித மரபணுக்களில் இவ்வளவு வேற்றுமை வேறெங்கும் இல்லை. சில வகைகள் மனிதனைவிடப் பழையவை. உங்களுடைய ஒரு எச்.எல்.ஏ. மரபணு, பக்கத்து வீட்டுக்காரருடையதைவிட ஒரு சிம்பன்சியுடையதற்கு நெருக்கமாக இருக்கக்கூடும். பாடத்தில் இதைப் படித்த அன்று ஒரு மணி நேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு.

காரணம் கிருமிகள். ஒவ்வொரு வகைக் கிண்ணத்திலும் சில துணுக்குகள்தான் உட்காரும். என் கிண்ணத்தில் உட்காராத வைரஸ் துணுக்கு உங்கள் கிண்ணத்தில் உட்காரலாம். கொள்ளைநோயில் நான் போவேன், நீங்கள் நிற்பீர்கள். அடுத்த நோயில் தலைகீழாகும். இரண்டு வெவ்வேறு கட்டு உள்ளவருக்கு, ஒரே கட்டு இரண்டு உள்ளவரைவிட அதிகத் துணுக்குகளைக் காட்ட முடியும். பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1970-களில் ஆஸ்திரேலியாவில் எலிகளை வைத்து, டி-செல் வைரஸையும் சொந்தக் கிண்ணத்தையும் சேர்த்தே பார்க்கிறது என்று காட்டியபோது இந்தக் கணக்கு வெளிச்சமானது. 1996-இல் நோபல் வாங்கினார்கள். எச்.ஐ.வி. இதற்குச் சரியான சாட்சி. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். அந்த வைரஸ் தொற்றியவர்களில் எச்.எல்.ஏ. பி-57 வகை உள்ள பலருக்கு நோய் மெதுவாகத்தான் முற்றுகிறது. அந்த பி-57-க்குள்ளேயே 57:01 என்ற உட்பிரிவு ஒருவருக்கு இருந்தால், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற அபக்காவிர் மாத்திரை உயிருக்கே ஆபத்தான அலர்ஜியைக் கிளப்பலாம். நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

வேற்றுமை தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதைச் சிவிங்கிப்புலிகள் காட்டின. பழங்காலத்தில் எண்ணிக்கை சுருங்கி, மிஞ்சிய சிலவற்றின் வாரிசுகள் அவை. 1980-களில் ஒன்றின் தோலை உறவில்லாத இன்னொன்றுக்கு ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டது! உடம்பு வேற்றுத் தோல் என்றே நினைக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு வனவிலங்குப் பூங்காவில் கொரோனா குடும்பத்து வைரஸ் ஒன்று நுழைந்து, இருந்த சிவிங்கிப்புலிகளில் பாதிக்கு மேல் கொன்றது.

இதே சொந்தபந்தம் எனக்கு வேண்டப்பட்டதாகிற இடமும் ஒன்று இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கோ தலசீமியா என்ற பிறவி ரத்தசோகைக்கோ மஜ்ஜை மாற்றும்போது நிறங்கள் பொருந்தியே ஆக வேண்டும். கூடப்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் பாதிதான் பொருந்துவார்கள். அந்தப் பாதியை வைத்தும் இப்போது மாற்றுகிறார்கள். “பிளட் குரூப் ஒண்ணுதானே, ஏன் சேராது?” என்று ஒரு தகப்பன் கேட்டார். மஜ்ஜைக்கு பிளட் குரூப் தடையில்லை. ஓ பாசிட்டிவ் ஆள் மாற்றத்துக்குப் பிறகு பி பாசிட்டிவ் ஆவதும் உண்டு. வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால் பதிவேட்டில் தேட வேண்டும். உலகப் பதிவேடுகளில் 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். இந்தியர்கள் சில லட்சம்தான். நம் ஊர் ஜாதிக்கொரு குளமாகத் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு குளத்திலும் ஒவ்வொரு விதக் கட்டுகள். ஜெர்மனியில் எத்தனை லட்சம் பேர் பதிந்தாலும் மதுரைக் குழந்தைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடாது.

பதிவது சுலபம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியை உருட்டிக் கொடுத்தால் போதும். சென்னையிலேயே 2009-இல் தொடங்கிய தாத்ரி என்ற பதிவேடு இதைச் செய்கிறது. என் வருத்தம் அதற்குப் பிறகு நடப்பதில். காலேஜ் கேம்ப்பில் நண்பர்களோடு சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டியவரின் நம்பருக்கு மூன்று வருடம் கழித்துப் போன் வருகிறது, பொருந்திவிட்டது என்று. “வீட்ல வேணாங்கறாங்க.” எனக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கு இரண்டு பேர் இப்படிப் பின்வாங்கினார்கள். முதுகெலும்பைத் துளைப்பார்கள், பிள்ளை பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்டது காரணம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஐந்து நாள் ஊசி போடுவார்கள், அதில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும், பிறகு பிளேட்லெட் எடுப்பதுபோல் கையிலிருந்து சில மணி நேரம் எடுப்பார்கள். கொடுத்த செல்கள் சில வாரத்தில் ஊறிவிடும். கொடுக்க மனமில்லை என்றால் பதியாமல் இருப்பதே மேல். நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பறிப்பதை அந்தச் சிறுமியின் அம்மா முகத்தில் பார்த்தேன்.

பைபாஸ் அப்பாவுக்கு மறுநாள் இரண்டு பை கொடுத்தோம். “யாரோடது?” என்று கேட்டார் அம்மா. லேபிளைக் காட்டினேன். ஒரு நம்பர், குரூப், எடுத்த தேதி. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். நம்பரை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார்.

பையன் முதல் நாளே ரத்தம் கொடுத்துவிட்டான், யாரோ ஒருவருக்கு. கட்டிலில் ஏறுவதற்கு முன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: “மேடம், இது அப்பாவுக்குப் போகாதுல்ல? அப்போ நண்பர்னே இருக்கட்டுமா?”

அடித்துவிட்டு ‘மகன்’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.