சுய நோய் நிர்ணயம்: சொல் விளக்கம்

"நாவூறு பட்டிருக்கும்" (கண்ணேறு போல) என்று அம்மம்மா சொல்லும் அதே சோர்வுக்கு, போனைப் பார்த்துவிட்டு "எனக்கு டிப்ரஷன்" என்கிறாள் பேத்தி. மட்டக்களப்பில் இரண்டு பேச்சும் ஒரே வீட்டில் கேட்கும். வைத்தியரிடம் போகாமல் நோய்க்குத் தானே பெயர் வைப்பதைத்தான் சுய நோய் நிர்ணயம் என்கிறோம். பார்க்கப்போனால் அம்மம்மா செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

நோய் நிர்ணயத்தை ஆங்கிலத்தில் டயக்னோசிஸ் என்பார்கள், அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'டியா' என்றால் பிரித்து, 'க்னோசிஸ்' என்றால் அறிதல். ஒன்றுபோலத் தெரியும் நோய்களை வேறு பிரித்து அறிவது. நிர்ணயம் வடமொழி, முடிவுகட்டுதல் என்று பொருள். தமிழில் நோயறிதல் போதும். நோய்நாடல் இன்னும் பொருத்தம் என்பேன். நாடல் என்றால் தேடல். நிர்ணயத்தில் தேடல் இல்லை, தீர்ப்பு மட்டும்தான். குறள் 950 மருத்துவத்தை நான்கு கூறாக்கும்போது உற்றவனும் (நோயாளி) தீர்ப்பானும் (வைத்தியர்) வெவ்வேறு ஆட்கள்.

ஆபத்து அந்தப் 'பிரித்து' என்ற இடத்தில்தான். உடல் அசதி, தூக்கக் குழப்பம், எதிலும் நாட்டமின்மை எல்லாம் மனச்சோர்வு நோயில் வரும். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் இதேபோல வரும். இரத்தசோகையிலும் அசதி உண்டு. இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், போன் அதைச் செய்யாது. பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு, இன்னும் சிக்கல். தாழ்ந்த கட்டத்தில் அது வெறும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். மறுமுனையாக முன்பு வந்துபோன மிதமிஞ்சிய உற்சாகத்தை நோயாளி நோயென்றே நினைத்திருக்க மாட்டார், வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் எடுத்தால் சிலவேளை அந்த மிதமிஞ்சிய உற்சாகம், அதாவது பித்துநிலை, கிளம்பிவிடும். பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடுவது வேறொரு தொல்லை. டயஸிபாம் வகை உடம்புக்குப் பழகிவிட்டால் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

சரி, இணையத்தில் கிடக்கும் கேள்விக்கொத்துகள்? மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 என்ற கேள்விக்கொத்து வைத்தியர்களும் பாவிப்பதுதான்: 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 புள்ளி, மொத்தம் 27, கடந்த 2 கிழமையைப் பற்றியது. ஆனால் அது ஓர் அரிதட்டு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நோய் உறுதி என்றல்ல.

சந்தேகப்படுவதில் பிழையில்லை, அதோடுதான் பலர் வைத்தியரிடம் போகிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் "எனக்கு டிப்ரஷன்" என்று தொடங்குவதைவிட எப்போதிருந்து, தூக்கம் எப்படி, என்ன மருந்து எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926க்கு அழைத்தும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதென்றால் இந்தச் சொல்லாராய்ச்சியெல்லாம் பிறகு. ஒருவரைக் கூட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.